தனிச்சுற்றுக்கு மட்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இப்பத்திரிகையின் ஆசிரியர் போனில் கூப்பிட்டு ஒரு விஷயம் கேட்டார். பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்துகொடுக்கும் இளைஞர், ஒவ்வொரு கவிதைக்கும் கட்டுரைக்கும் கீழே ‘பகிர்’ பொத்தான்கள் வைக்கட்டுமா என்று கேட்கிறாராம். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று, எக்ஸுக்கு ஒன்று, டெலிகிராமுக்கு ஒன்று, பிறகு படிப்பதற்கென்று குறித்துவைத்துக்கொள்ள ஒன்று. ஆக ஐந்து சின்னப் படங்கள். “நீங்க பேங்க்ல இருக்கீங்க, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்” என்றார். வங்கி குமாஸ்தாவுக்கும் பகிர் பொத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். சம்பந்தம் இருக்கிறது என்பது இரண்டு நாள் கழித்துத் தோன்றியது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

‘வேண்டாம்’ என்றுதான் முதலில் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை. நம்மைப் போன்றவர்களிடம் இப்படி ஏதாவது கேட்டால் ‘வேண்டாம்’ என்பது தும்மல் மாதிரி தானாக வந்துவிடுகிறது. சினிமா வேண்டாம், விளம்பரம் வேண்டாம், ஜனரஞ்சகம் வேண்டாம். வேண்டாம் என்பதையே ஒரு ரசனையாக வளர்த்துக்கொண்டுவிட்டோம். அதனாலேயே என் பதில்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு எண்ணம் இவ்வளவு சுலபமாக வருகிறது என்றால் அது என்னுடையதாக இருக்க நியாயமில்லை.

*

நம் பத்திரிகைகளின் உள்ளட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். இந்த வரி பிறந்ததற்குப் பெரும்பாலும் இலக்கியம் காரணமில்லை, சட்டம்தான் காரணம். 1867-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டப்படி டிக்ளரேஷன், பதிவு என்றெல்லாம் அலுவலகம் அலுவலகமாக அலைய முடியாதவர்கள், இது பொதுவில் விற்கும் சரக்கில்லை, எங்களுக்குள் சுற்றுவது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள இந்த வரியைப் போட்டார்கள். அந்தச் சட்டம் போய் 2023-இல் வேறு சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. வரி மட்டும் நிற்கிறது. நிற்பதோடு அதற்கு ஒரு மிடுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ரேஷன் கார்டு இல்லாதவன் தான் ரேஷன் அரிசி சாப்பிடுவதில்லை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி.

இந்த மிடுக்குக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று ஒரு வரம்பு கட்டிக்கொண்டார். அந்த வரம்பை எட்டும் பாக்கியம் பத்திரிகைக்குக் கிடைக்கவே இல்லை, 1970-இல் நின்றுபோனது. நம்மில் பலர் இந்த இரண்டாயிரத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதே செல்லப்பாதான் புஸ்தகங்களைப் பையில் போட்டுச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் என்பதைக் கதை மாதிரி சொல்கிறோமே ஒழிய, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. பிரதிக்கு ஒரு எல்லை போட்ட மனிதர் தன் காலுக்கு எல்லை எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. சுற்று சிறியதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசையாக இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு பிரதியும் ஒரு மனிதன் கையிலிருந்து இன்னொரு மனிதன் கைக்குப் போக வேண்டும், கொடுப்பவனுக்கு இதை ஏன் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதாகத்தான் அதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே பகிர்வது நல்லதா கெட்டதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. இலக்கியம் பகிராமல் நடந்ததே கிடையாது. ‘கசடதபற’வின் முதல் இதழை நான் பார்த்தது ஒரு ஜெராக்ஸ் கட்டில். அது 1970 அக்டோபரில் வெளிவந்தபோது நான் பிறக்கவேயில்லை. யாரோ ஒருவர் ஜெராக்ஸ் கடையில் நின்று, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, கிளிப் போட்டுக் கொடுத்தது அது. அவர் கொடுக்காவிட்டால் நான் இன்றைக்குக் கடன் வசூல் சுற்றறிக்கைகளை மட்டும் படித்துக்கொண்டிருப்பேன். கேள்வி பொத்தானைப் பற்றியது. ஜெராக்ஸ் கடையில் நிற்பதற்கும் பொத்தானை அமுக்குவதற்கும் இடையில் என்ன காணாமல் போகிறது?

*

இங்கேதான் வங்கி வருகிறது.

செக்கைக் கைமாற்றுவதற்கு 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. ‘பேரர்’ செக் என்றால் கையில் வைத்திருப்பவனுக்குப் பணம். கொடுத்தால் போதும், பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். ‘ஆர்டர்’ செக் என்றால் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் அடுத்தவனுக்கு மாற்ற வேண்டும். எண்டார்ஸ்மென்ட் என்பது அதுதான். முப்பத்தைந்தாவது பிரிவு சொல்கிறபடி, அப்படிக் கையெழுத்துப் போட்டவன், செக் பணமாகாமல் திரும்பினால் தனக்குப் பின்னால் அதை வாங்கிய ஒவ்வொருவருக்கும் பொறுப்பு. நான் வெறுமனே கைமாற்றிவிட்டேன் என்று அவன் நழுவ முடியாது. இப்போது எல்லாச் செக்கிலும் இரண்டு கோடு இழுத்து ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதிவிடுகிறார்கள். எண்டார்ஸ்மென்ட்டைக் கண்ணால் பார்த்து வருஷமாகிறது. இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நாகரிகம் இருந்தது. நான் கொடுப்பதற்கு நான் பொறுப்பு, கையெழுத்து இதோ.

பகிர் பொத்தான் எழுத்தை எல்லாம் பேரர் செக் ஆக்கிவிடுகிறது. அமுக்கினால் போய்விடும். ஏன் அனுப்பினேன், படித்தேனா, இதை ஒப்புகிறேனா மறுக்கிறேனா, எதுவும் கூடப் போவதில்லை. 2016-இல் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 59 சதவீதம் ஒருவராலும் திறக்கப்படவே இல்லையாம்.

சட்டத்தின் ஐம்பத்திரண்டாவது பிரிவு இன்னும் சுவாரஸ்யமானது. எண்டார்ஸ் செய்பவன், ‘என்மேல் பாத்தியதை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். இதை எங்கள் பரீட்சைக்காகப் படித்தபோது, இப்படி எழுதிய செக்கை எந்த முட்டாள் வாங்குவான் என்று நினைத்தேன். பிறகு ட்விட்டரில் பத்திரிகைக்காரர்களும் பேராசிரியர்களும் தங்கள் பெயருக்குக் கீழே ‘மறுபகிர்வு ஒப்புதல் ஆகாது’ என்று எழுதிவைத்திருப்பதைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டாவது பிரிவுதான். வாங்குகிற முட்டாள்கள் நாமெல்லாம்.

அந்த ட்விட்டரிலேயே ஆரம்பத்தில் பொத்தான் கிடையாது. இன்னொருவர் சொன்னதை அனுப்ப வேண்டுமென்றால் வாசகத்தைப் பிரதி எடுத்து, முன்னால் இரண்டு எழுத்தும் அவர் பெயரும் தட்டி, இடமில்லாவிட்டால் சுருக்கி, பிறகு அனுப்ப வேண்டும். 2009 நவம்பரில் பொத்தான் வந்தது. அதைச் செய்த குழுவுக்குத் தலைமை வகித்த கிறிஸ் வெதரெல் பத்து வருஷம் கழித்து, செய்திருக்க வேண்டாம் என்கிற தொனியில் பேட்டி கொடுத்தார். கையால் செய்தபோது இருந்த அரை நிமிஷத்தை எடுத்துவிட்டால் மனிதனின் எந்தப் பகுதி எஞ்சுகிறது என்பதை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

*

இதுவரை சொன்னதெல்லாம் வாதம். வாதம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். எனக்கு வேறு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த வாதத்தைச் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஒன்று வட மாநிலத்திலிருந்து வந்து இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. ஒருநாள் சாயங்காலம் திருப்பாச்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது எனக்கும் வந்தது. அக்காவின் குழந்தை அப்போது எல்.கே.ஜி. ‘முடிந்தவரை பகிரவும்’ என்று அடியில் இருந்தது. நடந்துகொண்டே குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். ஒரு செலானில் முத்திரை குத்துகிற நேரம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது அது எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த சில நாட்களில் எங்கள் மாவட்டத்திலேயே, பழவேற்காட்டில், ஒரு மனிதரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைச் சூழ்ந்து அடித்ததில் அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர் இறந்துபோனார். தெருவில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறார்.

என் செய்தி பழவேற்காட்டுக்குப் போனது என்று சொல்லவில்லை. போகவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. பேரர் செக் எந்தெந்தக் கைகளுக்குப் போனது என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் அதன் சௌகரியம்.

காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசாப் பையன் ஒருவன் மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப என் கவுண்டருக்கு வருவான். எப்போதும் தனியாக வருகிறவன் அந்த மாதம் மூன்று பேரோடு வந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. செலானில் கையெழுத்துப் போட்டான். அதைக் கம்ப்யூட்டரில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கீழ்வளைவு சற்று மாறியிருந்தால்கூட, திரும்பப் போடு என்பேன். அவனைப் போன்றவர்களைப் பற்றி, கையெழுத்தே இல்லாத ஒரு காகிதத்தை, ஒன்றையும் சரிபார்க்காமல், நான் பாஸ் செய்திருக்கிறேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன், விமர்சனம் எழுதுகிறவன், ஒரு கவிதையில் ‘இருள்’ என்ற சொல் அனாவசியமாக வந்திருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுகிறவன். அந்தச் செய்தியில் ஒரு சொல்லைக்கூட நான் நிறுத்திப் படிக்கவில்லை.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்யப்போவதாக அறிவித்தது. படங்கள், வீடியோக்கள் பக்கத்தில் இருந்த சடக்கென்று அனுப்புகிற பொத்தானையும் எடுத்தது. 2019 ஜனவரியில் ஐந்து என்பது உலகம் முழுவதற்கும் ஆயிற்று. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டும் என்று 2020 ஏப்ரலில் இன்னும் குறுக்கினார்கள். பொத்தான் ஒரு சௌகரியம் மட்டும்தான், நல்லதும் கெட்டதும் மனிதன் கையில் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கோடிக்கணக்கான பேர் உபயோகிக்கும் ஒரு சாதனத்தின் சொந்தக்காரர்கள், கை எங்கே போகும் என்பதைப் பொத்தான் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகும்.

*

எதிர்த்தரப்பையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். போன வருஷம் கும்மிடிப்பூண்டி கிளைக்கு என்னைச் சில வாரம் மாற்று வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சம்பளக் கணக்கு விஷயமாக வந்தவள், என் மேஜையில் கிடந்த இந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, “சார், இதுல எழுதறவங்க உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். ஒரு கவிதை, யாரோ பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஓரங்களை வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். எழுதியவர் பெயர் ஓரத்தோடு போய்விட்டது. “எட்டு மாசமா வச்சிருக்கேன் சார். கம்பெனி பஸ்ல டெய்லி படிப்பேன். யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியல.”

அது நம் பத்திரிகையில் வந்த கவிதை. வந்த காலத்தில் நம் இருநூறு பேரில் யாரும் அதைப் பற்றி ஒரு கடிதம்கூட எழுதவில்லை, நானும்தான்.

நம் தனிச்சுற்று அவளுக்கு ஒருநாளும் போயிருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்றில் யார் யார் இருக்கிறோம் என்று முகவரிப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரே மாதிரி படித்தவர்கள், பலர் ஒரே மாதிரித் தெருக்களில் பிறந்தவர்கள். இதைத் தரம் என்று சொல்லிக்கொண்டோம். அவளுக்குக் கவிதை வந்தது அலட்சியமாக எவரோ அமுக்கிய ஒரு பொத்தானால். ‘வேண்டாம்’ என்று நான் சொல்வது அவளிடம் சொல்வதாகும்.

ஆனால் பெயர் வரவில்லையே. எட்டு மாதம் அவள் பெயரைத் தேடியிருக்கிறாள். அலட்சியம் கவிதையைக் கொண்டுவந்து சேர்த்தது, கவிஞரை வழியில் விட்டுவிட்டது. இரண்டையும் சேர்த்தே கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது.

*

இன்னொரு விஷயமும் உண்டு, பொதுவாக யாரும் பேசாதது. ஃபேஸ்புக் போன்றவற்றின் பொத்தான்களை அந்தந்தக் கம்பெனி கொடுத்தபடியே பக்கத்தில் பதித்தால், அவை அமுக்குவதற்காக மட்டும் அங்கே இருப்பதில்லை. பக்கத்தைத் திறந்த உடனேயே, அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும், ஃபேஸ்புக்கில் கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்ன இடத்திலிருந்து ஒருவர் வந்தார் என்ற தகவல் போய்விடுகிறது. ஜெர்மனியில் ‘ஃபேஷன் ஐடி’ என்ற துணிக்கடை இப்படி ஒரு ‘லைக்’ பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்திருந்தது. வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், தகவலைச் சேகரித்து அனுப்புவதில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு என்று 2019 ஜூலை 29-இல் தீர்ப்பானது. எத்தனையோ தளங்களுக்கு இந்தப் பொத்தான்களை மொத்தமாகக் கொடுத்துவந்த ‘ஆட்திஸ்’ என்ற ஏற்பாட்டை ஆரக்கிள் கம்பெனி விலைக்கு வாங்கியது, 2023 மே மாதத்தோடு மூடியது. துணிக்கடையாவது தன் சரக்கு விற்கும் என்ற ஆசையில் வைத்தது. இரவு பத்து மணிக்கு ஒருவன் தனியாக உட்கார்ந்து மரணத்தைப் பற்றி ஒரு கவிதை படிக்கிறான் என்பதை நாம் ஏன் ஒரு கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்? விளம்பரம் வாங்காத பத்திரிகை என்று பெருமைப்படுகிற நாம், வாசகனையே இனாமாகக் கொடுக்கலாமா?

*

ஆசிரியருக்கு நான் எழுதிய பதிலின் சாரம் இது. பொத்தான்கள் வேண்டாம். அதோடு ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரியும் வேண்டாம். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் நாம் பொய்யர்கள். அந்த இடத்தில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், வெறும் எழுத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எழுதியவர் பெயர், வந்த இதழும் வருஷமும், அந்தப் பக்கத்தின் முகவரி. கீழே ஒரு வரி: இதை யாரும் பிரதி எடுத்து யாருக்கும் அனுப்பலாம், எழுதியவர் பெயரை விட்டுவிடாதீர்கள், ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்து அனுப்புங்கள். பழைய ஆர்டர் செக் மாதிரி, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு.

அந்த இளைஞர் விடவில்லை. “சார், காப்பி பண்ணி ஒட்டி, கூட ஒரு வரி எழுதறதுக்கு இன்னைக்கு யாருக்கு சார் டைம் இருக்கு? நூறு பேர் அனுப்ப வேண்டிய இடத்துல நாலு பேர்தான் அனுப்புவாங்க” என்றார். அவர் சொல்வது சரி. நாலு பேர்தான் அனுப்புவார்கள். மற்றத் தொண்ணூற்றாறு பேர் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இன்னொரு பெண், வேறொரு கம்பெனி பஸ்ஸில், அந்தக் கவிதை இல்லாமலே போவாள். இது நஷ்டம்தான். நஷ்டமே இல்லை என்று காட்டுகிற விமர்சனத்தை நான் நம்புவதில்லை. இந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டுமானால் நாமே போக வேண்டும், கல்லூரிக்கு, நூலகத்துக்கு, சிப்காட் வாசலுக்கு. பொத்தானும் வைக்காமல் வீட்டிலும் உட்கார்ந்திருப்பதற்குச் செல்லப்பாவின் பெயரைச் சொல்லக்கூடாது.

கும்மிடிப்பூண்டிப் பெண்ணுக்குக் கவிஞரின் பெயரைச் செலானின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, “லேடீஸா சார்?” என்றாள். ஆமாம் என்றேன். கவிதையை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து படித்தாள். எனக்குப் பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

குடும்பக் குழுவில் அந்தச் செய்தி இன்னும் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன் மேலே மேலே தள்ளிப்போய்த் தேடி எடுத்தேன். என் பெயர், சாயங்காலம் ஏழேகால் மணி, இரண்டு டிக். கீழே சித்தி கைகூப்பி ஒரு படம் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அங்கே நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எட்டு பேர் உள்ள குழு அது. அந்த எட்டு பேருக்கும் முதலில் எழுதிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தபாலில் சேர்ப்பது என்று வைத்திருக்கிறேன்.